ஏட்டுக் காலும் நாட்டுக் காலும்

மதுரை மாநகரின் வடகிழக்கே, மேலூர்ச் சாலையை அடுத்து, மாட்டுத்தாவணி என்னும் இடம் உளது. மாடுகளைக் கட்டிவைத்து விற்கும் பெருஞ்சந்தையைத் தாவணி என்பது பாண்டிநாட்டு வழக்கு. இந்நாளில் அப்பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன மாடுகள் அல்ல. 1999ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பேருந்து நிலையமும், அதனைச் சூழ்ந்த பூச்சந்தை, காய்கறிச் சந்தைகளுமே. எனினும், மாடு பிடிக்கும் குடியானவன் ஒருவன் சந்தையில் நடந்துகொள்ளும் முறையை நினைவுகூர்வது இக்கட்டுரைக்குப் பயன்படும். அவன் 'மாடு' என்னும் பொதுப்பெயரை விலைக்கு வாங்குவதில்லை. தன் எதிரே நிற்கும் இந்த மாட்டின் பல்லைப் பார்க்கின்றான், சுழியைப் பார்க்கின்றான், குளம்பையும் காலையும் தடவிப் பார்த்து, நாலடி நடக்கவிட்டும் பார்க்கின்றான். ஒரு மாட்டைப்போல் மற்றொரு மாடு இராது என்பது அவன் கைகண்ட உண்மை. மனிதனுடைய காலைப் பற்றியும் அவ்வுண்மையே செல்லும் என்பதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. நம் கல்லூரி மாணாக்கர் ஒருவர் மேலூர்ச் சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து, இடது முழங்காலின் வெளிப்புறத்தில் அடிபட்டார். எலும்பு முறியவில்லை. ஆயினும் பாதத்தை மேல்நோக்கித் தூக்க இயலாமல், நடக்குந்தோறும் முன்னங்கால் தரையில் உரசலாயிற்று. நரம்பின் மின்னோட்டச் சோதனை செய்யப்பெற்றது. அடிபட்ட நரம்பைப் பற்றிய செய்தியோடு, 'துணை நரம்பு ஒன்று உளது. இஃது இயற்கை வேறுபாடு' என்று ஒரு வரியும் அச்சோதனைத் தாளில் இருந்தது. அடிபட்டதைக் காட்டிலும் அவ்வொரு வரியே அவரை வாட்டியது. "ஐயா, என் கால் பிறவியிலேயே கோளாறானதா? காவல்துறைத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கின்றேனே. வீட்டில் என்ன சொல்வேன்?" என்று நம்மிடம் வந்து கேட்டார். அவருக்கு நாம் கூறிய விடையையே இங்கு விரித்து எழுதுகின்றோம்.

நரம்பு என்னும் சொல்

முதற்கண் சொல்லின் மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். தமிழில் நரம்பு என்னும் சொல் யாழின் தந்தியையும் குறிக்கும். புறங்கையில் பச்சையாய்ப் புடைத்துத் தோன்றும் இரத்தக் குழாயையும் குறிக்கும். குதிகாலுக்குப் பின்னே கயிறுபோல் விறைத்துள்ள தசைநாணையும் குறிக்கும். நெடுநேரம் நின்று தொழில் செய்வோர் 'காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று கூறும்போது அவர் சொல்வது இரத்தக் குழாயையே. இக்கட்டுரையில் நாம் நரம்பு என்பது, மூளையினின்றும் முதுகுத்தண்டினின்றும் தசைகளுக்கு ஆணையைக் கொண்டு செல்வதும், தோலினின்று தொடுவுணர்ச்சியையும் வலியையும் சூட்டையும் குளிர்ச்சியையும் கொண்டு வருவதுமாகிய வெண்ணிற வடத்தையே ஆகும். ஒவ்வொரு வடத்திலும் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் ஒரே உறையுள் அடங்கிக் கிடக்கின்றன.

இத்தகைய செய்திகளைத் தமிழில் எழுத முற்படுவோர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வழியில் நடந்த ஒருவரை மறத்தல் ஆகாது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நிறுவித் தமிழ் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். லண்டனில் 1858ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த கிரே என்பாரின் உடலமைப்பு நூல், அவருடைய முயற்சியால் 1872ஆம் ஆண்டில் தமிழ் வடிவம் பெற்றது. உடலுறுப்புகளின் அமைப்பைக் கூறும் கலைக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அங்காதிபாதம் என்பது.

நூல் கூறும் கால்

நூல்கள் கூறும் பொது அமைப்பை முதலில் காண்போம். இடுப்பினின்று தொடையின் பின்புறமாக இறங்குவது உடலிலேயே மிகப் பருத்த நரம்பு. அதனைச் சயாடிக் நரம்பு என்பர். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும், அஃது உண்மையில் ஓருறையுள் கிடக்கும் இரு நரம்புகளே. முழங்காலின் பின்குழிக்குச் சற்று மேலே அவை பிரிகின்றன. உள்ளாக நேரே இறங்குவது டிபியல் நரம்பு. அது கெண்டைக்கால் தசைகளை இயக்கி, உட்கணுக்காலின் பின்னே வளைந்து உள்ளங்காலை அடைகின்றது. வெளிப்புறமாகத் திரும்புவது பெரோனியல் நரம்பு. இது கணைக்காலின் வெளியெலும்பாகிய பிபுலாவின் கழுத்தைச் சுற்றி முன்னே வருகின்றது. அவ்விடத்தில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே அதற்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் விரலால் உருட்டிப் பார்த்தால் பலருக்கு அது தட்டுப்படும். சம்மணமிட்டு நெடுநேரம் பூத்தொடுப்போர்க்கும், குந்தியிருந்து வயல்வேலை செய்வோர்க்கும் கால் மரத்துப்போவதும், சிற்சிலர்க்குப் பாதம் தொங்கிவிடுவதும் இவ்விடத்து அழுத்தத்தாலேயே. நம் மாணாக்கர்க்கு அடிபட்டதும் இவ்விடமே.

பெரோனியல் நரம்பு அங்கிருந்து இரு கிளையாகின்றது. ஆழ்கிளை, பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்குச் சென்று, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையேயுள்ள சிறு தோற்பகுதிக்கு உணர்ச்சி தருகின்றது. மேற்கிளை, கணைக்காலின் வெளிப்புறத் தசைகளினூடே இறங்கி, கீழ்ப்பகுதியில் தசையுறையைத் துளைத்து வெளிப்பட்டு, புறவடியின் பெரும்பகுதிக்கு உணர்ச்சி தருகின்றது. இவையன்றி, கெண்டைக்காலின் பின்னே தோலை ஒட்டி இறங்கிச் சுண்டுவிரற் பக்கத்தை அடையும் சூரல் நரம்பு ஒன்று. தொடை நரம்பினின்று பிரிந்து கணைக்காலின் உட்புறமாக இறங்கும் சபீனஸ் நரம்பு ஒன்று. இவ்வளவே ஏட்டில் உள்ள கால்.

நாட்டில் உள்ள கால்

இனி நாட்டில் உள்ள காலைக் காண்போம். அறுத்து ஆராய்ந்த உடல்களிலும், மின்சோதனைகளிலும், ஒலியலைப் படங்களிலும் எண்ணிப் பார்த்தோர் கண்டவை பல. அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை ஆய்வுக்கு ஆய்வு சற்றே ஏறியும் இறங்கியும் இருக்குமாதலின், நாம் தரும் அளவுகளைத் தோராயமாகவே கொள்ளவேண்டும்.

முதலாவது, சூரல் நரம்பு. டிபியல் நரம்பினின்று ஒரு கிளையும், பெரோனியல் நரம்பினின்று மற்றொரு கிளையும் கெண்டைக்காலில் கூடி இந்நரம்பு உண்டாகின்றது என்பது நூல்வழக்கு. ஏறக்குறைய நான்கு கால்களில் மூன்றில்தான் இவ்வாறு உளது. எஞ்சியவற்றில் டிபியல் கிளை தனித்தே சூரலாகிவிடும். அல்லது இரு கிளைகளும் கூடாமல் தனித்தனியே இறங்கும். மிகச் சிலவற்றில் பெரோனியல் கிளை ஒன்றே அவ்வேலையை மேற்கொள்ளும். கூடும் இடமும் ஒன்றன்று. முழங்காலை அடுத்தும் கூடலாம், கணுக்காலை அடுத்தும் கூடலாம். ஒருவருடைய வலக்காலைப் போலவே அவருடைய இடக்கால் இருக்கும் என்பதும் உறுதியன்று.

இரண்டாவது, மேற்பெரோனியல் நரம்பு. இது வெளிப்புறத் தசையறையினுள் இறங்குவதே பொது வழக்கு. ஆயினும் ஏறக்குறைய நான்கு கால்களில் ஒன்றில், முழுதாகவோ ஒரு கிளையாகவோ முன்புறத் தசையறையினுள் புகுந்து செல்கின்றது. அது தசையுறையைத் துளைத்து வெளிவரும் இடமும் காலுக்குக் கால் மேலும் கீழுமாக மாறும்.

மூன்றாவது, நம் மாணாக்கரின் தாளில் கண்ட துணை ஆழ்பெரோனியல் நரம்பு. புறவடியின் மேல், வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னே, விரல்களை நிமிர்த்தும் குறுந்தசை ஒன்று சிறு மேடாகத் தோன்றும். அதனை இயக்கும் இழைகள் ஆழ்கிளையின் வழியே கணுக்காலின் முன்புறமாக வருதல் வழக்கம். சிலர்க்கோ அவ்விழைகளிற் சில மேற்கிளையோடு இறங்கி, வெளிக்கணுக்காலைப் பின்புறமாகச் சுற்றி அத்தசையை அடைகின்றன. அமெரிக்காவில் எட்வர்ட் லாம்பர்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 1969ஆம் ஆண்டில் மின்சோதனை வாயிலாக இதனை விரித்துரைத்தார். ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு இஃது உளது. தந்தையினின்றும் தாயினின்றும் மக்களுக்கு வருதலும் கண்டறியப்பட்டுள்ளது.

இதனை நம்மூர் வழிகளால் விளக்குவோம். மதுரையினின்று துவரங்குறிச்சிக்கு மேலூர், கொட்டாம்பட்டி வழியாகச் செல்வது பெருவழி. நத்தம் வழியாகச் சுற்றிச் செல்லும் சாலையும் உண்டு. மதுரையில் ஏறியவர் நூறு பேர் என்றும், மேலூரில் நின்று எண்ணியவனுக்கு அகப்பட்டவர் எழுபது பேர் என்றும், துவரங்குறிச்சியில் இறங்கியவர் நூறு பேரே என்றும் வைத்துக்கொள்வோம். நத்தம் வழியை அறியாதவன் கணக்குப் பிழைத்தது என்பான். அறிந்தவன், முப்பது பேர் மாற்றுவழியில் வந்தனர் என்பான். மின்சோதனையிலும் நிகழ்வது இதுவே. கணுக்காலின் முன்புறத்தில் நரம்பைத் தூண்டினால் குறுந்தசை சிறிதே துடிக்கின்றது. முழங்காலருகே தூண்டினால் பெரிதாகத் துடிக்கின்றது. வழக்கத்துக்கு மாறான இவ்வேறுபாட்டைக் கண்ட சோதகர், வெளிக்கணுக்காலின் பின்னே தூண்டிப் பார்க்கின்றார். அங்கும் தசை துடிக்குமாயின், மாற்றுவழி வெளிப்பட்டுவிடுகின்றது.

ஒரு பேருந்தின் கணக்கு

இப்பொழுது வாசகர் நம்முடன் மாட்டுத்தாவணியில் புறப்படும் பேருந்து ஒன்றில் ஏறுவாராக. அதில் 50 பயணிகள் இருக்கின்றனர். ஒவ்வொருவரிடத்தும் வலக்காலை மட்டும் எண்ணுவோம். மேற்கூறிய மூன்று வேறுபாடுகளும் ஒன்றையொன்று சாராமல் நிகழ்வன என்று ஒரு கணக்கிற்காகக் கொள்வோம். துணை நரம்பு உடையோரை நீக்கினால் எஞ்சுவோர் 40 பேர். அவருள் மேற்பெரோனியல் நரம்பு மாறி ஓடுவோரை நீக்கினால் 30 பேர். அவருள்ளும் சூரல் நரம்பு வேறுவகையாய் அமைந்தோரை நீக்கினால் எஞ்சுவோர் 22 அல்லது 23 பேர். மூன்று செய்திகளிலும் ஏட்டை ஒத்த கால் உடையோர் பேருந்தில் பாதிக்கும் குறைவு! இன்னும் சயாடிக் நரம்பு பிரியும் இடம், டிபியல் நரம்பு உள்ளங்காற் கிளைகளாகப் பிரியும் இடம், சபீனஸ் நரம்பு முடியும் எல்லை என ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், அவ்வெண் மேலும் சுருங்கும்.

இதனைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். ஏடு பொய் கூறவில்லை. ஒவ்வொரு நரம்பைப் பற்றியும் அது கூறுவது பெரும்பான்மையோர்க்குப் பொருந்துவதே. ஆயினும் பெரும்பான்மைகளை எல்லாம் ஒன்றாய்க் கூட்டி வரைந்த முழுப்படம் சிறுபான்மையோர்க்கே பொருந்துகின்றது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழியை இங்கு முற்றும் ஏற்றல் தகாது. ஏட்டுச் சுரைக்காயைக் கண்டறிந்தவனே தோட்டத்துச் சுரைக்காயை இனங்காண்பான். ஆனால் தோட்டத்திற் காய்த்தது ஏட்டில் உள்ளதைப்போல் இல்லையென்று அதனைப் பழுது என்பவன் பேதை.

வேறுபாடு தோன்றும் காரணம்

கருவில் நான்காம் வாரத்தில் கைகால்கள் சிறு மொட்டுகளாக அரும்புகின்றன. அதற்குப் பின் முதுகுத்தண்டினின்று நரம்பிழைகள் அம்மொட்டுகளுள் வளர்ந்து செல்கின்றன. ஒவ்வோர் இழையின் நுனியும், சூழவுள்ள இரசாயனக் குறிப்புகளைப் பற்றிக்கொண்டு, தான் சேரவேண்டிய தசையையும் தோலையும் நாடிச் செல்கின்றது. இழை போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தவறுவதில்லை. எந்த இழை எந்த உறைக்குள் எவ்வளவு தொலைவு துணைபோயிற்று என்பதே மாறுகின்றது. ஆதலின் வழி வேறாயினும் வேலை ஒன்றே. துணை நரம்பு உடையவர் நடப்பதற்கும் ஓடுவதற்கும் அதனால் குறை யாதும் இல்லை. மின்சோதனை நிகழாதவரை அஃது இருப்பதையே அவர் அறியார்.

அறியாமையால் வரும் கேடு

அவ்வாறாயின் இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை என்று வினவலாம். உடையவர்க்கு வேறுபாட்டால் தீங்கில்லை. கத்தி பிடிப்பவர் அதனை நினையாவிடில் தீங்கு உண்டு.

நெடுஞ்சாலை விபத்துகளில் கணைக்கால் நசுங்கித் தசைகள் வீங்கும்போது, தசையறைகளில் அழுத்தம் ஏறி இரத்தவோட்டம் தடைப்படும். அப்பொழுது காலை இழவாமற் காக்க, தசையுறைகளை விரைந்து கீறித் திறத்தல் வேண்டும். மேற்பெரோனியல் நரம்பு வெளிப்புற அறையில்தான் இருக்கும் என்று நம்பி முன்புற அறையை அச்சமின்றிக் கீறுபவர், நான்கில் ஒரு காலில் அந்நரம்பைத் துண்டிக்கும் இடருக்கு உள்ளாவார். வெளிக்கணுக்கால் முறிவுக்குத் தகடு பொருத்தும்போதும் இதே இடர் உண்டு.

சூரல் நரம்பு வெட்டுண்டால் புறவடியின் வெளியோரத்தில் மரமரப்பு உண்டாவதன்றி நடைக்குக் கேடில்லை. ஆதலால், வேறிடத்தில் அறுபட்ட நரம்பை இணைப்பதற்கு இதனை எடுத்து ஒட்டுவது வழக்கம். நரம்பு நோயை ஆராய இதில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதும் உண்டு. கெண்டைக்காலில் இரு கிளைகள் கூடாமலே இறங்குவதை எதிர்பாராதவர், மெல்லிய கிளை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நீளமும் பருமனும் போதாமல் திகைப்பர்.

துணை நரம்போ வேறு வகையில் ஏமாற்றும். கணுக்காலின் முன்னே வெட்டுக்காயம் பட்டு ஆழ்கிளை முற்றும் அறுந்த பின்னும், குறுந்தசையின் ஒரு பகுதி மாற்றுவழியால் இயங்கும். 'தசை இயங்குகின்றது; நரம்பு அறவில்லை' என்று முடிவுகட்டினால், தைத்திருக்கவேண்டிய நரம்பு தைக்கப்படாமற் போகும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தொட்டு, உணர்ச்சி உண்டா என்று பார்ப்பவர் ஏமாறார்.

நம் நாட்டில் கால் நரம்பைக் கெடுக்கும் நோய்களுள் தொழுநோயை விடுத்துப் பேசுதல் இயலாது. பிபுலாவின் கழுத்தில் பெரோனியல் நரம்பையும், உட்கணுக்காலின் பின்னே டிபியல் நரம்பையும் அது தடிக்கச்செய்து அழிக்கும். முன்னது கெட்டால் பாதம் தொங்கும். பின்னது கெட்டால் உள்ளங்கால் உணர்ச்சியற்று, முள் தைத்ததும் தெரியாமற் புண்ணாகும். மதுரைக்கு அண்மையில் மானாமதுரைத் தயாபுரத்து மிஷன் மருத்துவமனை இந்நோயாளருக்காகத் தொன்றுதொட்டு உழைத்துவருவது நம்மில் பலர் அறிந்ததே. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்து, 1946ஆம் ஆண்டு முதல் வேலூரில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடைய துணைவரும், கெட்ட தசைக்கு ஈடாக நல்ல தசைநாணை இடம்மாற்றித் தைத்து, தொங்கிய பாதத்தைத் தூக்கச் செய்தனர். தசை எதனால் இயங்குகின்றது, எந்நரம்பு இன்னும் உயிருடன் உளது என்பதை ஒவ்வொரு காலிலும் தனித்தனியே சோதித்தறிந்த பின்னரே இத்தகைய சிகிச்சை கைகூடும். சந்தையில் மாடு பிடிக்கும் குடியானவனின் முறையும் இதுதானே?

வாசகர்க்குச் சில சொற்கள்

மாணாக்கரும் பழைய மாணவரும் மனத்திற் கொள்ளத்தக்கவை மூன்று. சோதனைத் தாளில் 'இயற்கை வேறுபாடு' என்று கண்டால் அதனை நோயென்று மயங்காதீர். ஆனால் அத்தாளைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னர் அக்காலில் சோதனையோ சிகிச்சையோ நேருமாயின் மருத்துவரிடம் காட்டுக. பாதம் திடீரெனத் தொங்குமாயின், தைலம் தடவிக்கொண்டு நாட்களைக் கழியாமல் உடனே மருத்துவரை நாடுக. தோலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றுமாயின் மறையாதீர்; கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் தொழுநோய் முற்றும் தீரத்தக்க நோயாயிற்று; அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது.

மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணாக்கர்க்கு இன்னும் ஒரு சொல். மதுரை மருத்துவக் கல்லூரி 1954ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கும் பிற இடங்களிலும் அறுவை மேசையின் முன் நிற்கும் முதலாண்டு மாணவர், நூலிற் கண்ட கிளையை உடலிற் காணாதபோது, தாம் அதனைத் தவறி அறுத்துவிட்டதாக அஞ்சுவது உண்டு. அஞ்சவேண்டா. தம் உடலை மறைந்தபின்னும் கல்விக்கு ஈந்த அப்பெரியோர், ஏட்டில் இல்லாத பாடம் ஒன்றைக் கற்பிக்கின்றார் என்று கொள்ளுக. கண்டதைக் கண்டவாறே வரைந்து வைக்குக. இன்று நாம் எடுத்துரைத்த எண்கள் யாவும் அவ்வாறு வரைந்துவைத்தோரின் பொறுமையால் கிடைத்தவையே.

நம் மாணாக்கர் இவற்றையெல்லாம் கேட்டபின், "அப்படியானால் நான் ஐவரில் ஒருவன்; அவ்வளவுதானே ஐயா?" என்றார். அவ்வளவே என்றோம். நரம்பு அறுபடாமல் நசுங்கியிருந்தமையால், நான்கு திங்களில் அவர் பாதம் மீண்டும் நிமிர்ந்தது. தேர்வுக்கு ஓடிப் பழகும்பொருட்டு இப்பொழுது நாள்தோறும் விடியலில் விளையாட்டுத் திடலுக்கு வருகின்றார். அவருடைய ஓட்டத்தைக் காண்போர், எந்தக் காலில் நத்தம் சாலை உளது என்று கண்டுபிடிக்க வல்லரல்லர்.